தாடை உடைஞ்சா பல் டாக்டர் எதுக்கு?

முதல்லயே ஒரு டிஸ்கி: நான் டாக்டர் கிடையாது. பகல் பூரா பொட்டி தட்டிட்டு, ராத்திரி கண்டதையும் படிக்கிற ரகம். அதனால இதை ஒரு இஞ்சினியர் எழுதின மருத்துவ வரலாறுன்னு நினைச்சு படிங்க. இன்னொண்ணு, சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க தட்டை கழுவிட்டு வந்துடுங்க. கொஞ்சம் ரத்தம் இருக்கு.

கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் பைக்கில் விழுந்து கீழ்த்தாடை ரெண்டு இடத்தில் உடைஞ்சு போச்சு. மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேர்த்து கம்பி கட்டி, வாரக்கணக்கில் ஜூஸும் கஞ்சியும்தான் சாப்பாடு. (இப்போ நல்லா இருக்கான், ரெண்டு ப்ளேட் பிரியாணி அடிக்கிறான்.) அவனுக்கு ஆபரேஷன் பண்ணின சர்ஜன் பேருக்குப் பின்னால எம்.எஸ். இல்லை, எம்.டி.எஸ்.னு போட்டிருந்தது. அதாவது பல் மருத்துவம் படிச்சவர். நண்பனோட அம்மா கேட்டாங்க: "ஏம்ப்பா, எலும்புதானே உடைஞ்சிருக்கு, பல் டாக்டர் எதுக்கு?"

கேள்வி நியாயமானது. கை உடைஞ்சா எலும்பு டாக்டர், கால் உடைஞ்சா எலும்பு டாக்டர். தாடை உடைஞ்சா மட்டும் ஏன் பல் டாக்டர்? இதுக்குப் பதில் தேடப் போனா அது என்னை நூறு வருஷம் பின்னால, பிரான்ஸோட சேத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு. அங்க பார்த்ததைத்தான் எழுதறேன்.

மண்டையை உடைத்துப் பார்த்த மனிதர்

போருக்கு முன்னால ஒரு சின்ன நிறுத்தம். பிரான்ஸில் லீல் என்கிற ஊர். அங்கே ரெனே லீ ஃபோர்ட் என்று ஒரு சர்ஜன். முகத்தில் பலமா அடிபட்டா மேல்தாடை எப்படி உடையும்? கண்டபடி உடையுமா, இல்லை அதுக்கு ஏதாவது ஒழுங்கு இருக்கா? இதுதான் அவருடைய சந்தேகம். பிணங்களின் தலைகளை எடுத்து விதவிதமான கோணத்தில், விதவிதமான வேகத்தில் அடித்தார். பிறகு தசையை எல்லாம் நீக்கிவிட்டு எலும்பில் எங்கே விரிசல் ஓடியிருக்கிறது என்று பார்த்தார். மொத்தம் 35 தலைகள்.

1901-ல் முடிவை வெளியிட்டார். முக எலும்பு கண்டபடி உடைவதில்லை, பெரும்பாலும் மூன்று பாதைகளில்தான் உடைகிறது என்றார். பல் வரிசைக்கு மேலே குறுக்காக ஓடுவது முதல் வகை. மூக்கின் மேல்பக்கத்திலிருந்து கூம்பு போல இறங்குவது இரண்டாம் வகை. முகத்தையே மண்டை ஓட்டிலிருந்து தனியாகப் பிரித்துவிடுவது மூன்றாம் வகை. நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்னைக்கும் பைக் விபத்து கேஸ் வந்தா கேஸ் ஷீட்டில் "லீ ஃபோர்ட் டூ" என்று எழுதுவது இவர் பேரைத்தான்.

எங்கே உடையும்னு தெரிஞ்சாச்சு. உடைஞ்ச முகத்தை எப்படி திரும்பக் கட்டறது? அந்தப் பாடத்துக்கு லீ ஃபோர்ட்டின் பிணங்கள் போதாது. அதுக்கு உயிரோடு இருக்கிற ஆயிரக்கணக்கான முகங்கள் தேவைப்பட்டது. கொடுமை என்னன்னா, 1914-ல் அதுக்கும் ஏற்பாடு ஆயிடுச்சு.

தலையைத் தூக்கினா போச்சு

முதல் உலகப் போர் பதுங்குகுழிப் போர். உடம்பு மண்ணுக்குள்ளே பத்திரமா இருக்கும். எட்டிப் பார்க்கும்போது வெளியே தெரிவது தலை மட்டும்தான். துப்பாக்கிக் குண்டும் பீரங்கிக் குண்டின் சிதறலும் முதலில் சந்திப்பது முகத்தை. 1915-16 வாக்கில் இரும்பு ஹெல்மெட் வந்தது. மண்டை தப்பிச்சது, ஆனா முகத்தை மூட அதில் எதுவும் இல்லை. முன்னாடி செத்துப் போயிருக்க வேண்டியவர்கள் இப்போது பாதி முகத்தோடு உயிர் பிழைத்தார்கள்.

பிழைத்தவர்களைக் காப்பாற்றுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. வில்லியம் கெல்சி ஃப்ரை என்று ஒருவர். பல் மருத்துவமும் படித்தவர், பொது மருத்துவமும் படித்தவர். போர்முனையில் ஒரு பட்டாளத்தின் டாக்டராக இருந்தார். தாடை சிதறிப்போன ஒரு சிப்பாயை அவரே கைத்தாங்கலாக, தலையை முன்பக்கம் குனிய வைத்து, முதலுதவி இடம் வரைக்கும் நடத்திக்கொண்டு வந்து சேர்த்தார். அந்த ஆள் மூச்சு விட்டுக்கொண்டுதான் வந்தார். அங்கே இருந்தவர்கள் முறைப்படி அவரை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அவ்வளவுதான். மூச்சடைத்து செத்துப் போனார்.

ஏன்? நாக்கை முன்னால பிடிச்சு வெச்சிருக்கிறது கீழ்த்தாடையின் முன்பக்க எலும்பு. அது போயிட்டா நாக்குக்குப் பிடிமானம் இல்லை. மல்லாக்கப் படுத்தா நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையை அடைச்சிடும். ரத்தமும் எச்சிலும் சேர்ந்துக்கும். குண்டு கொல்லாத ஆளை ஸ்ட்ரெச்சர் கொன்னுடுச்சு! தாடை காயக்காரர்களை மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, குனிந்து உட்கார வை, இல்லைன்னா குப்புறப் படுக்க வை என்கிற விதி இந்த மாதிரி சாவுகளில் இருந்துதான் வந்தது. இந்த ஃப்ரையை ஞாபகம் வெச்சுக்கங்க, மறுபடி வருவார்.

ரோல்ஸ் ராய்ஸில் பல் டாக்டர்

1914-ல் பிரிட்டிஷ் ராணுவம் பிரான்ஸுக்குப் போனபோது அதில் ஒரு பல் டாக்டர் கூட கிடையாது. அந்த வருஷமே தளபதி டக்ளஸ் ஹெய்குக்குப் பல்வலி வந்து, பாரிஸில் இருந்து டாக்டரை வரவழைக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் ராணுவம் பல் டாக்டர்களைச் சேர்க்க ஆரம்பித்தது. பெரிய இடத்துப் பல்வலின்னா கதையே வேற :-)

அப்படிச் சேர்ந்தவர்களில் சார்லஸ் வாலாடியே ஒரு தனிப்பிறவி. பாரிஸில் பெரிய இடத்துக்காரர்களுக்குப் பல் பார்த்து நிறைய சம்பாதித்தவர். தன் ரோல்ஸ் ராய்ஸ் காருக்குள்ளே பல் டாக்டர் நாற்காலி, ட்ரில் எல்லாம் பொருத்திக்கொண்டு போர்முனைக்கு வந்தார். போலோன் பக்கத்தில் விம்ரூ என்ற ஊரில் தாடைக் காயங்களுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார். ஆனா ராணுவச் சட்டப்படி, பல் டாக்டர் தனியா ஆபரேஷன் பண்ணக் கூடாது. மேற்பார்வைக்கு ஒரு சர்ஜன் கூட நிற்கணும்.

1915-ல் அப்படிக் கூட நிற்க அனுப்பப்பட்டவர்தான் ஹரோல்ட் கில்லீஸ். நியூசிலாந்தில் டனீடன் நகரில் 1882-ல் பிறந்தவர். லண்டனில் காது மூக்கு தொண்டை சர்ஜன். பிரமாதமான கோல்ஃப் ஆட்டக்காரர். மேற்பார்வை பார்க்கப் போனவர் மாணவராக ஆகிவிட்டார். முகம் என்பது தோலைத் தைக்கிற விவகாரம் இல்லை, உள்ளே இருக்கிற எலும்பும் பல்லும்தான் விஷயம் என்று அவருக்கு அங்கேதான் உறைத்தது. பிறகு பாரிஸ் போய், வால் டு க்ராஸ் ராணுவ மருத்துவமனையில் இப்போலித் மோரெஸ்தான் என்ற சர்ஜன் வேலை செய்வதைப் பார்த்தார். அவர் ஒரு நோயாளியின் முகத்தில் இருந்து புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்து, அந்தப் பள்ளத்தைப் பக்கத்துத் தோலையே நகர்த்தி மூடிவிட்டார். கில்லீஸ் மயங்கிவிட்டார். (மயக்க மருந்தால் இல்லை, ஆர்வத்தால்.)

இங்கிலாந்து திரும்பி ராணுவத்தை நச்சரித்து, 1916 ஜனவரியில் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் முகக் காயங்களுக்குத் தனி வார்டு வாங்கினார். நோயாளிகள் தன்கிட்டதான் வரணும் என்பதற்காக அவர் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சொந்தக் காசு பத்து பவுனுக்கு லேபிள் வாங்கி, தன் வார்டு முகவரியை எழுதி, போர்முனைக்கு அனுப்பி வைத்தார். முகத்தில் அடிபட்டவன் சட்டையில் இதைக் கட்டி அனுப்புங்கள் என்று. பார்சல் மாதிரி! ஆட்கள் அப்படியே லேபிளோடு வந்து இறங்கினார்கள்.

1916 ஜூலை 1. சோம் போர் தொடங்கியது. ஆல்டர்ஷாட்டில் இருநூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்துப் படுக்கை போட்டிருந்தார்கள். வந்தது சுமார் இரண்டாயிரம் பேர்.

முதலில் அஸ்திவாரம்

அந்தக் கூட்டத்தைத் தாங்கத்தான் லண்டனுக்குத் தென்கிழக்கே சிட்கப் என்ற ஊரில் குயின்ஸ் மருத்துவமனை கட்டப்பட்டது. 1917 ஆகஸ்டில் திறந்தார்கள். முகத்துக்கும் தாடைக்கும் மட்டுமே ஒரு முழு மருத்துவமனை. சுற்றியிருந்த ஓய்வு இல்லங்களையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல் படுக்கை. பிரிட்டிஷ், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நாலு பிரிவு. நியூசிலாந்துப் பிரிவின் தலைவர் ஹென்றி பிக்கெரில், ஒட்டாகோ பல் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். கில்லீஸுக்கு ஜோடியாக வந்தவர் நம்ம கெல்சி ஃப்ரை.

இப்போ அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வரலாம்.

அதுவரைக்கும் சர்ஜன்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கன்னத்தில் ஓட்டையா, ரெண்டு பக்கத்துத் தோலையும் இழுத்து வைத்துத் தை. அவ்வளவுதான். காயம் ஆறும். ஆனா உள்ளே எலும்பு இல்லாத இடத்தில் தழும்பு சுருங்கும்போது முகமே ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். உடைந்த தாடைத் துண்டுகளை தசைகள் உள்பக்கம் இழுத்துவிடும். மேல் பல்லும் கீழ் பல்லும் சேராது. ஆள் பிழைப்பான், ஆனா மெல்ல முடியாது, பேச்சு புரியாது, வாயில் எச்சில் நிக்காது. கெண்டி மாதிரி மூக்கு வெச்ச குவளையில் பால் ஊற்றிக் குடிக்க வேண்டியதுதான் ஆயுசுக்கும்.

சிட்கப்பில் வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். முதலில் தாடை எலும்பு சரியான இடத்துக்கு வரணும். சரியான இடம் எதுன்னு எப்படித் தெரியும்? இங்கேதான் பல் டாக்டர். ஒரு மனுஷனின் மேல் பல்லும் கீழ் பல்லும் கடிக்கும்போது ஒன்றோடு ஒன்று பொருந்துகிற விதம் அவனுக்கே உரியது, பூட்டும் சாவியும் மாதிரி. தாடை நாலு துண்டாகப் போனாலும், மிச்சமிருக்கிற பற்களை மேல் பற்களோடு சரியாகப் பொருத்திவிட்டால் எலும்பு தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த வரைபடம் பல்லுக்குள்ளேதான் இருக்கு. அதைப் படிக்கத் தெரிந்தவர் பல் டாக்டர். அச்சு எடுத்து, பற்களின் மேல் தொப்பி மாதிரி மாட்டும் உலோக உறைகள் வார்த்து, எலும்பு கூடும் வரை அசையாமல் பிடித்துவைக்கவும் அவருக்குத்தான் தெரியும். எலும்பு போயே போயிருந்தால் விலாவில் இருந்தோ இடுப்பில் இருந்தோ எலும்பு எடுத்து வைப்பார்கள். அதுக்கப்புறம் உள்பக்கச் சவ்வு. கடைசியில்தான் வெளித்தோல். வீடு கட்டற மாதிரிதான், அஸ்திவாரம் போடாம வெள்ளையடிக்க முடியாது.

இன்னைக்கு நம்ம நாட்டில் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை பல் மருத்துவத்தின் மேற்படிப்பாக இருக்கு. பிரிட்டனில் இந்தத் துறைக்குப் போக ரெண்டு பட்டமும் வேணும், பல்லும் பொதுவும். ஃப்ரைகிட்ட இருந்த அதே ரெண்டு.

பதியம் போடுதல்

அடுத்த பிரச்சினை தோல். பாதி முகம் எரிஞ்சு போனவனுக்கு எங்கே இருந்து தோல் எடுக்கிறது? நெஞ்சில் இருந்து வெட்டி எடுத்து அப்படியே ஒட்டினால், தடிமனான தோலாக இருந்தால் பிழைக்காது. ரத்த ஓட்டம் வேணும்.

இதுக்கு ஒரு பழைய வழி இருந்தது, அது போனது நம்ம நாட்டில் இருந்துதான். சுஸ்ருத சம்ஹிதையில் கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு செய்யும் முறை இருக்கிறது. 1792-ல் திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவரின் மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். பிறகு புனே பக்கத்தில் செங்கல் செய்கிற தொழில்காரர் ஒருவர், அவருடைய நெற்றித் தோலை ஒரு ஓரம் மட்டும் விட்டு வெட்டி, கீழே திருப்பி மூக்கு செய்துவிட்டார். இந்தச் செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்தது. அதைத் தெரிந்துகொண்டு ஜோசப் கார்பூ என்ற ஆங்கிலேய சர்ஜன் 1814-ல் லண்டனில் அதே ஆபரேஷனைச் செய்து காட்டினார். அந்தச் செங்கல்காரர் பேரை மட்டும் யாரும் எழுதி வைக்கலை. நூறு வருஷம் கழிச்சு சிட்கப்பில் மூக்கு இழந்தவர்களுக்கு கில்லீஸ் செய்ததும் இந்த நெற்றித் தோல் வேலையின் வளர்ந்த வடிவம்தான்.

தத்துவம் ரொம்ப சிம்பிள். வீட்டில் மல்லிகை பதியம் போட்டுப் பார்த்திருப்பீங்க. கிளையை வெட்டாம வளைச்சு மண்ணில் புதைப்போம். வேர் பிடிக்கிற வரைக்கும் தாய்ச்செடிதான் சோறு போடும். வேர் பிடிச்சதும் வெட்டிவிடுவோம். தோலும் அப்படித்தான். ஒரு முனை பழைய இடத்தில் ஒட்டியபடியே இருக்க, மறுமுனையைப் புது இடத்தில் தைக்கணும். அங்கே புது ரத்தக் குழாய் பிடிச்சதும் பழைய முனையை வெட்டணும்.

சிக்கல் என்னன்னா, இந்த நடுவில் இருக்கிற தோல் பட்டையின் அடிப்பக்கம் பச்சைப் புண்ணா வாரக்கணக்கில் திறந்து கிடக்கும். பென்சிலின் இல்லாத காலம். சீழ் பிடிச்சா எல்லாம் போச்சு.

1917 அக்டோபர். வில்லி விக்கரேஜ் என்ற கடற்படை மாலுமி. 1916 மே மாதம் ஜட்லாண்ட் கடற்போரில் மலாயா என்ற கப்பலில் வெடிமருந்து எரிந்து முகம் வெந்து போனவர். அவருக்கு நெஞ்சுத் தோலை உயர்த்தியபோது, பட்டையின் ரெண்டு ஓரமும் தானாகவே உள்பக்கம் சுருண்டுகொள்வதை கில்லீஸ் கவனித்தார். அது சுருளத்தான் ஆசைப்படுதுன்னா விடுவோமே என்று, ரெண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துக் குழாய் ஆக்கிவிட்டார். வெளியே முழுக்கத் தோல், உள்ளே பத்திரமாக ரத்த ஓட்டம். புண்ணுக்குக் கதவு சாத்தியாச்சு! கொஞ்ச நாளில் சிட்கப் வார்டுகள் முழுக்க நெஞ்சில் இருந்து மூக்குக்கும், தோளில் இருந்து தாடைக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி தோல் குழாய் தொங்கும் ஆட்கள். அதே சமயத்தில் ஒடெசாவில் விளாடிமிர் ஃபிலாடோவ் என்ற கண் மருத்துவரும் இதே யோசனைக்குத் தனியாக வந்திருந்தார். ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

அவசரத்தின் விலை

இதுவரைக்கும் படிச்சா ஜெயிச்ச கதை மாதிரி இருக்கும். எனக்கு ராத்திரி தூக்கம் வராமப் பண்ணினது அடுத்த ஆள்.

ஹென்றி ரால்ஃப் லம்லி. இளம் விமானி. 1916 ஜூலையில், பயிற்சி முடிகிற நேரத்தில் விமானம் விழுந்து தீப்பிடித்தது. முகம் முழுக்கப் போய்விட்டது, ஒரு கண்ணும் போனது. வலிக்குக் கொடுத்த மார்ஃபின் பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துதான் சிட்கப் வந்து சேர்ந்தார். உடம்பும் மனசும் துவண்ட நிலை.

கில்லீஸ் முழு முகத்துக்கும் ஒரே துண்டாகத் தோல் போடுவது என்று முடிவு செய்தார். நெஞ்சில் முகத்தின் அளவுக்குப் பெரிய தோல். 1918 பிப்ரவரியில் அதைத் தூக்கி முகத்தில் வைத்துத் தைத்தார். சில நாட்களில் புதுத் தோல் அழுகத் தொடங்கியது. தோல் எடுத்த நெஞ்சிலும் சீழ். மார்ச் மாதம் லம்லி இறந்துபோனார்.

லம்லி சிகிச்சை இல்லாமலேயே இன்னும் பல வருஷம் உயிரோடு இருந்திருக்கலாம், முகம் இல்லாமல். அவரைக் கொன்றது போர் இல்லை, குணப்படுத்தும் ஆசை. தோல் குழாய் முறை கையில் வந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது. புதுசா ஒண்ணு கைக்கு வந்ததும் பெருசா பண்ணிப் பார்க்கத் தோணும். ஒரே ராத்திரியில் மொத்த சிஸ்டத்தையும் மாத்திடலாம்னு கிளம்புகிற ஆட்களை எங்க தொழிலில் தினமும் பார்க்கிறேன். அங்கே கவிழ்ந்தா பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டுக்கலாம். மனுஷனுக்கு பேக்கப் கிடையாது.

ஆனா கில்லீஸ் இதை மறைக்கவில்லை. 1920-ல் முக அறுவை சிகிச்சை பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகத்தில் வெற்றிகளின் நடுவிலேயே இந்தத் தோல்வியையும் வைத்தார். இதைத் துண்டு துண்டாக, கட்டம் கட்டமாகச் செய்திருக்க வேண்டும் என்கிற பாடத்தோடு. அதற்கப்புறம் முழு முகத்தையும் ஒரே மூச்சில் மாற்றும் வேலையை அவர் விட்டுவிட்டார். ஒரு சின்ன ஆபரேஷன், மாதக்கணக்கில் காத்திருத்தல், இன்னொரு சின்ன ஆபரேஷன். நாளைக்குத் தள்ளிப்போட முடிந்ததை இன்றைக்குச் செய்யாதே என்பதுதான் தன் மாணவர்களுக்கு அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. நம்ம வீட்டில் சொல்லிக் கொடுக்கிறதுக்கு அப்படியே தலைகீழ்! சோம்பேறித்தனம் மாதிரி தெரியும். அதுக்குப் பின்னால லம்லி இருக்கார்.

ரெண்டு பேருக்கும் ஒரே இடம்

இன்னொரு தலைவலி மயக்க மருந்து. அப்போதெல்லாம் ஈதரையோ குளோரோஃபார்மையோ மூக்கு வாய் மேல் மூடி வைத்துத்தான் கொடுப்பார்கள். இங்கே ஆபரேஷனே மூக்கிலும் வாயிலும்தான். சர்ஜனுக்கும் மயக்க மருந்துக்காரருக்கும் ஒரே இடம் வேணும். நோயாளி மூச்சு விடும்போது வரும் ஈதரில் சர்ஜனுக்கே தலை சுத்தும். ரத்தம் மூச்சுக்குழாயில் இறங்கும் பயம் வேற.

1919-ல் சிட்கப்புக்கு வந்த ஐவன் மகில், ஸ்டான்லி ரௌபாதம் என்ற இரண்டு பேர் இதை உடைத்தார்கள். ரப்பர் குழாய்ச் சுருளில் இருந்து துண்டு வெட்டி, ஓரத்தை மழித்து, நேராக மூச்சுக்குழாய்க்குள் இறக்கினார்கள். மருந்து உள்ளே போக, மூச்சு வெளியே வர அது போதும். முகம் முழுக்க சர்ஜனுக்கு. ரத்தமும் உள்ளே இறங்காது. முறையை இவர்கள் முதலில் கண்டுபிடிக்கவில்லை என்றாலும், தினசரிப் பழக்கமாக ஆக்கியது இவர்கள்தான். குழாயை வழிநடத்த மகில் வடிவமைத்த வளைந்த இடுக்கி இன்னமும் அவர் பேராலேயே ஆபரேஷன் தியேட்டர்களில் கிடக்கிறது. இன்னைக்கு உலகத்தில் எங்கோ ஒருத்தருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடக்கும்போது தொண்டையில் குழாய் இறங்குகிறதே, அது தாடை உடைந்த சிப்பாய்கள் வழியாக வந்த பழக்கம்.

கண்ணாடி இல்லாத வார்டு

ஆபரேஷன் நடுவில் இருக்கிற மாதங்களில் இந்த மனுஷங்க எப்படி வாழ்ந்தாங்க? வார்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தடை. ஊருக்குள் போகிற வழியில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் சிட்கப் நோயாளிகள், பார்த்துப் பதறாதீர்கள் என்று ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனா அந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தவன் மனசை யோசிச்சுப் பாருங்க.

கை கால் போன வீரனைத் தெருவில் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். முகம் போனவனைப் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். பிரிட்டிஷ் ஓய்வூதிய விதியில் மிக மோசமான முகச் சிதைவுக்கு முழு ஓய்வூதியம் உண்டு, ரெண்டு கால் போனவனுக்கு இருப்பதைப் போல. சர்ஜனால் இதற்கு மேல் முடியாது என்று ஆனவர்களுக்கு, டெர்வென்ட் வுட் என்ற சிற்பி லண்டனிலும், அன்னா கோல்மன் லாட் என்ற சிற்பி பாரிஸிலும் மெல்லிய உலோகத்தில் முகமூடி செய்து வர்ணம் தீட்டிக் கொடுத்தார்கள். ஆளுக்கு வயசாகும், முகமூடிக்கு வயசாகாது.

ஹென்றி டாங்க்ஸ் என்பவரையும் சொல்லணும். சர்ஜனாக இருந்து ஓவிய ஆசிரியராக மாறியவர். கில்லீஸ் வார்டில் உட்கார்ந்து, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் அந்த முகங்களை பேஸ்டல் வர்ணத்தில் வரைந்தார். கருப்பு வெள்ளை ஃபோட்டோவில் காயம் தெரியும். டாங்க்ஸ் படத்தில் காயத்துக்குப் பின்னால இருந்து ஒருத்தன் நம்மைப் பார்ப்பான்.

பிரான்ஸில் ஒரு படி மேலே போனார்கள். 1919 ஜூன் 28, வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்துப் போட வந்தபோது, முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சு வீரர்களை பிரதமர் க்ளெமான்ஸோ அந்த மண்டபத்திலேயே நிறுத்தி வைத்தார். கையெழுத்துப் போட வருபவர்கள் அவர்களைக் கடந்துதான் போகணும். ஆயிரம் பேச்சு செய்யாததை அஞ்சு முகம் செய்திருக்கும்.

கணக்கு

1917-க்கும் 1925-க்கும் நடுவில் சிட்கப்பில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட ஆபரேஷன்கள். கில்லீஸுக்கு 1930-ல் சர் பட்டம். ஃப்ரைக்கும் பிற்காலத்தில் அதே பட்டம். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, சர்ஜனும் பல் டாக்டரும் ஜோடியாக வேலை செய்யும் தாடை-முகப் பிரிவுகளை பிரிட்டன் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கில்லீஸின் உறவினரும் சீடருமான ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ எரிந்துபோன விமானிகளைக் கவனித்துக்கொண்டார். அவரிடம் சிகிச்சை பெற்றவர்கள் 1941-ல் தங்களுக்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். பேர் என்ன தெரியுமா? கினிப் பன்றிகள் சங்கம். சோதனை எலி சங்கம்னு நம்ம பாஷையில் வெச்சுக்கலாம். டாக்டர்கள் சொல்லத் தயங்கிய உண்மையை நோயாளிகள் சிரிச்சுக்கிட்டே பேராகவே வெச்சுட்டாங்க.

ஆராய்ச்சின்னா நமக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, ஆய்வுக்கூடம்தான் ஞாபகம் வரும். தாடை அறுவை சிகிச்சைக்கு வார்டுதான் ஆய்வுக்கூடம். இந்தச் சோதனைக்கு சம்மதமான்னு லம்லிகிட்ட எந்த அளவுக்குக் கேட்டிருப்பாங்க? கேட்டிருந்தாலும், முகமே இல்லாத ஒரு இளைஞன் வேண்டாம்னு சொல்லியிருப்பானா? கில்லீஸைத் திட்ட எனக்கு மனசு வரலை. அவரை மட்டும் கொண்டாடவும் வரலை. அவர் செய்த பெரிய விஷயமா எனக்குப் படறது தோல் குழாய் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் ஃபைல் போட்டு, படம் வரைஞ்சு, ஃபோட்டோ எடுத்து, அச்சு வார்த்து, தோத்ததையும் சேர்த்து எழுதி வெச்சதுதான். அந்த ஃபைல்கள் இரண்டாயிரத்துக்கும் மேலே இன்னமும் லண்டனில் அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் பத்திரமா இருக்கு. புனே செங்கல்காரர் கையில் இருந்த வித்தை அவரோட ஊரைத் தாண்டி வர யாரோ ஒரு வெள்ளைக்காரன் எழுத வேண்டியிருந்தது. சிட்கப்பில் எழுதி வைத்தார்கள், அடுத்தவன் அதே தப்பில் இன்னொரு லம்லியைக் கொல்லாமல் இருக்க.

இதைப் படிக்கிற பதிவர்களில் பல் மருத்துவமோ பொது மருத்துவமோ படிச்சவங்க இருந்தா, உங்க வார்டுல இந்தப் பேருங்க எப்படி புழங்குதுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசை. மத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. ஹெல்மெட் வாங்கும்போது தாடையையும் சேர்த்து மூடுற முழு ஹெல்மெட்டா வாங்குங்க. அந்தப் பட்டையை மறக்காம மாட்டுங்க. 1916-ல அது இல்லாம என்ன ஆச்சுன்னு மேலே பார்த்தீங்கல்ல.